பீளையும் பூவும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே கண்ணுக்கு எந்தத் துன்பம் நேர்ந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான் வழங்குகிறது. காலையில் இமைகள் பசை தடவியதுபோல் ஒட்டிக்கொள்ள, அழுதுகொண்டே எழும் குழந்தைக்கும் கண்வலி. அடுப்புப் புகையிலே ஆண்டு முழுவதும் கண் சிவந்திருக்கும் பாட்டிக்கும் கண்வலி. தேயிலைச் செடியின் காய்ந்த குச்சியொன்று கருவிழியைக் கீறிவிட்ட கொழுந்துக்காரிக்கும் அதே கண்வலிதான்.

தமிழிலே சொற்பஞ்சம் இல்லை. கண்ணின் ஓரத்திலே திரளும் அழுக்கைப் பீளை என்கிறோம். கருவிழியின்மேல் நிலைத்துவிடும் வெண்மறுவைப் பூ என்கிறோம். பார்வையை மறைக்கும் தழும்புக்குப் பூ என்று பெயரிட்ட நம் முன்னோரின் மனத்தை என்னென்பது! அம்மைக் கொப்புளத்துக்கு முத்து என்றும், மரணத்துக்கு இயற்கை எய்துதல் என்றும் சொல்லிப் பழகிய இனமல்லவா? கொடியதை மங்கலமான சொல்லால் மூடிவைக்கும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. ஆயினும் அவர்கள் பீளையையும் பூவையும் ஒன்றாகக் கருதவில்லை. முன்னது வந்து போவது. பின்னது வந்தால் போகாதது. இந்த வேறுபாட்டைக் கண்வலி என்னும் பொதுப்பெயர் விழுங்கிவிட்டது. அதனால் நேரும் கேட்டைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

அட்டன் வட்டாரத்துத் தோட்டப் பாடசாலைகளிலே இருபத்தாறு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான். வைத்தியன் அல்லன். ஆனால் நாற்பது பிள்ளைகளின் கண்களை நாள்தோறும் நேருக்கு நேர் பார்க்கின்ற தொழில் ஆசிரியத் தொழிலைத் தவிர வேறொன்று உண்டோ? திங்கட்கிழமை ஒரு பையன் சிவந்த கண்ணோடு வருவான். வெள்ளிக்கிழமைக்குள் அவன் வாங்கிலும் அதற்கு முன் வாங்கிலும் ஐந்தாறு இடங்கள் வெறுமையாகிவிடும். பின்னர் அவர்களுடைய தம்பி தங்கைகள் இருக்கும் பிள்ளைக்காம்பராவிலிருந்து செய்தி வரும்.

இதுதான் பீளைக் கண்வலி. கண்ணின் வெள்ளைப் பகுதியையும் இமைகளின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலே கிருமி குடியேறுவதால் உண்டாகும் அழற்சி இது. நோயாளியின் கண்ணைப் பார்த்தாலே நமக்கும் தொற்றிவிடும் என்று நம்புவோர் படித்தவர்களிலும் உண்டு. கறுப்புக் கண்ணாடி அணிவதும் அந்த நம்பிக்கையினாலேதான். பார்வை வழியாக எந்தக் கிருமியும் பயணம் செய்வதில்லை. கை வழியாகவும், துவாய் வழியாகவும், தலையணை வழியாகவுமே அது பயணம் செய்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றிலே ஆறேழு பேர் படுத்தெழும் லயத்துக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. ஒரு துவாய், ஒரு கம்பளி, ஒரு சீப்பு என்று வாழ்கின்ற குடும்பத்திலே ஒருவருடைய கண்வலி குடும்பத்தின் பொதுச்சொத்தாகிவிடுகிறது.

அக்கிருமிகளிலே சில நமக்கு மிக நெருங்கிய அயலவர்கள். ஸ்டாபிலோகாக்கஸ் என்பது நம் தோலிலும் மூக்கிலும் சும்மா குடியிருப்பது. இமைமயிரின் வேரிலே புகுந்தால் கண்கட்டியாக எழும்புவதும் அதுவே. நிமோகாக்கஸ் என்பது சளிச்சுரத்துக்குக் காரணமானது. ஹீமோபிலஸ் என்பது சிறு பிள்ளைகளின் மூக்கிலும் காதிலும் தொல்லை தருவது. கொலராவை ஆராய 1883ஆம் ஆண்டில் எகிப்துக்குச் சென்ற ஜெர்மானிய அறிஞர் ரொபேர்ட் கோக், அங்கே கண்ணோயாளரின் பீளையை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது சிறு கோல்களைப் போன்ற கிருமிகளைக் கண்டார். மூன்று ஆண்டுகளின் பின் நியூயோர்க்கில் ஜோன் வீக்ஸ் என்பவரும் அதே கிருமியை விவரித்தார். நெடுங்காலம் அதற்குக் கோக்–வீக்ஸ் கிருமி என்றே பெயர். அதுவும் ஹீமோபிலஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கண்வலியெல்லாம் இக்கிருமிகளால்தான் வரும் என்பதில்லை. இவற்றினும் மிகச் சிறிய வைரசுகளாலும் வரும். சென்னையிலே மெட்ராஸ் ஐ என்று ஊர் முழுவதும் பரவுவது பெரும்பாலும் அந்த வகைதான். அதிலே கண்ணீர் நீராகக் கொட்டும். காதுக்கு முன்புறம் சிறு நெறி கட்டுவதும் உண்டு. ஒவ்வாமையால் வருவதிலே அரிப்பு மிகுதி. கிருமிக் கண்வலியின் அடையாளம் கெட்டியான மஞ்சள் அல்லது பச்சை கலந்த பீளை. விடியற்காலையிலே இமை பிரியாது. மணல் விழுந்ததுபோல் உறுத்தும். ஆனால் பீளையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் கரும்பலகை எழுத்துத் தெளிவாகத் தெரியும். இக்கடைசி அடையாளத்தை ஆசிரியர்கள் மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பார்வை மங்கினால், வெளிச்சம் கண்ணைக் குத்தினால், கண்ணைத் திறக்கவே முடியாத வலி இருந்தால், அது பீளைக் கண்வலி அன்று; வேறொன்று.

பீளைக் கண்வலிக்குச் சிகிச்சை எளிது. கொதித்து ஆறிய நீரிலே தோய்த்த சுத்தமான துணியால் பீளையைத் துடைத்துவிட வேண்டும். ஒருமுறை துடைத்த துணியை மறு கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது. டிஸ்பென்சரியிலே குளோராம்பெனிகோல் துளிமருந்தோ களிம்போ தருவார்கள். 1947ஆம் ஆண்டில் வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டெடுக்கப்பட்ட மருந்து அது. குப்பியின் நுனி இமையிலே படக்கூடாது. ஒருவருக்குத் திறந்த குப்பியை மற்றொருவருக்கு ஊற்றக்கூடாது. திறந்து நான்கு வாரம் கழிந்தால் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். எறிவதற்கு நம்மவர்க்கு மனம் வருவதில்லை. அலுமாரியின் மேலே சென்ற ஆண்டுக் குப்பி பத்திரமாக இருக்கும்.

மருந்தே இடாவிட்டாலும் இவ்வகைக் கண்வலி பெரும்பாலும் ஒரு வாரத்திலோ பத்து நாளிலோ தானாகத் தணிந்துவிடும். மருந்து அந்த நாட்களைக் குறைக்கிறது. பிறர்க்குப் பரவுவதையும் குறைக்கிறது. அவ்வளவே. "கண்வலி தானே வந்தது, தானே போகும்" என்று பாட்டிமார் சொல்வது அனுபவத்தில் விளைந்த வார்த்தை. பத்திலே ஒன்பது தடவை உண்மையாகவும் இருக்கிறது. பத்தாவது தடவையும் அதே வார்த்தையை நம்பிக் காத்திருப்பதுதான் ஆபத்து.

கண் எவ்வளவு நன்றாகத் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். 1921ஆம் ஆண்டில், பெனிசிலினைக் கண்டறிவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, அலெக்சாந்தர் பிளெமிங் என்னும் விஞ்ஞானி மனிதனின் மூக்குச் சளியிலும் கண்ணீரிலும் கிருமிகளைக் கரைக்கும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். அதற்கு லைசோசைம் என்று பெயரிட்டார். ஆராய்ச்சிக்குக் கண்ணீர் வேண்டுமே! தம்மோடு வேலை செய்தவர்களின் கண்ணிலே எலுமிச்சஞ் சாற்றைப் பிழிந்து கண்ணீர் சேகரித்தாராம். உலகத்துக் காவியங்களெல்லாம் துயரத்தின் அடையாளமாகப் போற்றிய கண்ணீரை ஆய்வுக்கூடத்திலே எலுமிச்சம்பழத்தால் வரவழைத்த அம்மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

கண்ணீரின் காவல் இருக்கும்வரை கருவிழியிலே கிருமி இலகுவில் ஏறிவிட முடியாது. கருவிழியின் முகப்பிலே இருக்கும் கண்ணாடி போன்ற படலத்தின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அதன் மேற்றோல் நெருக்கமாகப் பின்னிய பாய்போல் கிருமிகளை வெளியே நிறுத்துகிறது. ஒளி ஊடுருவ வேண்டும் என்பதற்காக அப்படலத்திலே இரத்தக் குழாய்களே இல்லை. அதுவே அதன் சிறப்பு. அதுவே அதன் குறை. உடம்பிலே வேறெங்கு காயம்பட்டாலும் இரத்தம் தன் காவற்படையோடு ஓடிவரும். இங்கே அப்படை கரையிலிருந்து மெல்ல மெல்ல ஊர்ந்துதான் வரவேண்டும். மேற்றோல் கிழிந்த இடத்திலே கிருமி விழுந்துவிட்டால் அது பெருகுவதற்கு வேண்டிய அவகாசம் தாராளமாகக் கிடைக்கிறது.

கிழிப்பதற்குத் தேயிலை மலையிலே பொருளுக்கா குறைவு? கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டுச் சிராய் தெறிக்கிறது. அடுப்புக்கு மிலாறு முறிக்கும்போது குச்சி துள்ளுகிறது. மானாப்புல்லின் அலகு வாள்போல் இருக்கிறது. செடிகளுக்குள்ளே நுழைந்து இரு கையாலும் கொழுந்து பறிப்பவளுக்கு முகத்தை மறைக்க மூன்றாவது கை இல்லை. ஈரமும் மண்ணும் படிந்த இலையின் நுனியிலே கிருமிகள் எத்தனையோ. அவற்றிலே சூடோமோனாஸ் என்று ஒன்று உண்டு. நீரிலும் ஈரத்திலும் வாழ்வது. அது கருவிழியிலே இறங்கிவிட்டால் இரண்டொரு நாளிலேயே படலத்தை உருக்கித் துளைத்துவிட வல்லது.

கருவிழிப் புண் எனப்படும் இந்நோயின் போக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலிலே கீறலின் வலி, கண்ணீர். கீறல் சுத்தமாக இருந்தால் ஓரிரு நாளிலே தானே மூடிவிடும். கிருமி புகுந்திருந்தாலோ வலி குறைவதற்குப் பதிலாகக் கூடும். கருவிழியிலே வெண்புள்ளியொன்று தோன்றும். பின்னர் கருவிழிக்கும் அதன் பின்னே உள்ள திரைக்கும் இடையிலே, பாத்திரத்தின் அடியிலே பால் தங்கியதுபோல், சீழ் தேங்கும். இந்நிலைக்கு வந்தபின் எவ்வளவு திறமையான சிகிச்சை கிடைத்தாலும் புண் ஆறிய இடத்திலே தழும்பு நிற்கும். அதுவே பூ. நடுவிலே விழுந்தால் பார்வை போயிற்று. ஓரத்திலே விழுந்தால் கண் தப்பிற்று. அது நோயாளியின் அதிர்ஷ்டம்.

இந்நோய் எங்கே மிகுதி, யாருக்கு மிகுதி என்று ஆராய்ந்தவர்களிலே முதன்மையானவர்கள் மதுரைக்காரர்கள். மலைநாட்டவர் பலரின் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறுமுன் உழுத சீமை அது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையிலே 1994இல் மூன்று மாத காலத்துக்குள் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை வைத்தியர்கள் சோதித்தார்கள். அவர்களிலே 284 பேருக்கு முன்னதாகக் கண்ணிலே காயம் பட்டிருந்தது. கிருமி வளர்த்துப் பார்த்ததில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பாக்டீரியா. ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பூஞ்சணம். பாக்டீரியாக்களிலே முதலிடம் பெற்றது நாம் மேலே கண்ட நிமோகாக்கஸ். மதுரை மாவட்டத்திலே ஆண்டுக்கு இலட்சம் பேரில் 113 பேருக்கு இப்புண் வருகிறது என்றும், அது அமெரிக்காவிலே கணக்கிடப்பட்ட தொகையைப் போல் பத்து மடங்கு என்றும் அதே காலத்து ஆய்வொன்று கணக்கிட்டது. வயலிலும் தோட்டத்திலும் கைவேலை செய்பவர்களின் நோய் இது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பாதிக்குப் பாதி பூஞ்சணம் என்ற செய்தி வெறும் புள்ளிவிவரம் அன்று. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூஞ்சணத்தைத் தொடாது. ஆகையால்தான் தேர்ந்த வைத்தியர் புண்ணின் விளிம்பை மெல்லச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டிலே தடவிப் பார்த்துவிட்டு மருந்தைத் தீர்மானிக்கிறார். பாக்டீரியா என்றால் சிப்ரோபிளொக்சசின், மொக்சிபிளொக்சசின் போன்ற வீரியமுள்ள துளிகளை மணிக்கு ஒருமுறை, இரவிலும் எழுப்பி, ஊற்ற வேண்டியிருக்கும். வார்ட்டிலே தங்கினாலன்றி இது நடவாது.

இனி அந்த முதல் நாளைப் பற்றிச் சொல்கிறேன். நேபாளத்திலே பக்தபூர் என்னும் மாவட்டத்தில் வைத்தியர் உபாத்தியாயாவும் துணைவர்களும் ஒரு முயற்சி செய்தார்கள். கிராமத்துத் தொண்டர்களுக்குச் சாயத் தாளும் நீல வெளிச்ச விளக்கும் கொடுத்துக் கருவிழிக் கீறலை அடையாளம் காணப் பழக்கினார்கள். கீறல் கண்டால் குளோராம்பெனிகோல் களிம்பை நாளுக்கு மூன்று வேளை மூன்று நாள் இட வேண்டும். ஏறத்தாழ 35,000 மக்களை இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். கீறல் பட்டவர்கள் 442 பேர். பட்ட பதினெட்டு மணி நேரத்துக்குள் களிம்பு கிடைத்த 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. பதினெட்டுக்கும் இருபத்துநான்குக்கும் இடைப்பட்ட நேரத்தில் வந்த 109 பேரில் நால்வருக்கு வந்தது. இருபத்துநான்கு மணி நேரம் கழித்து வந்த 49 பேரில் பதினால்வருக்கு வந்தது! பின்னர் அதே நாட்டிலே நடந்த, 2022இல் வெளியான பெரியதோர் ஆய்வு, தொண்டர் உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் இடையே புண்ணின் தொகையிலே வேறுபாடு காணவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தொண்டரை ஊரிலே நியமிப்பது ஒன்று. கீறல் பட்டவர் உரிய நேரத்தில் அவரிடம் போய்ச் சேருவது வேறொன்று. ஆயினும் காலத்தாழ்வு கருவிழிக்குப் பகை என்பதிலே கண் வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

பதினெட்டு மணி நேரம் என்பது கடிகாரத்திலே எவ்வளவு? காலை பத்து மணிக்கு மலையிலே குச்சி கீறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அந்த அவகாசம் முடிந்துவிடுகிறது. பிரட்டுக்களத்துக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்பே!

என் மாணவி ஒருத்தியின் தாய்க்கு நேர்ந்ததை இங்கே எழுதுவது அந்தக் கணக்குக்காகத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை நிறுவை முடிந்த சிறிது நேரத்திலே, காய்ந்த குச்சி அவள் இடது கண்ணிலே பட்டது. மலையை விட்டு இறங்கி டிஸ்பென்சரிக்குப் போனால் அன்றைய நிறை தேறாது; அரைப்பேர்தான் விழும். முந்தானையால் ஒற்றிக்கொண்டு அந்தி நிறுவை வரை பறித்தாள். வீட்டுக்கு வந்து பீலிக்கரையிலே முகம் கழுவினாள், அடுப்பு மூட்டினாள். இரவு அண்டை வீட்டுப் பிள்ளைக்காரி தாய்ப்பால் பீய்ச்சிவிட்டாள். புதன்கிழமை கண் வீங்கியிருந்தது. தேயிலைச் சாயத்தை ஆறவைத்துக் கழுவினார்கள். வியாழக்கிழமை சந்திக் கடையிலே ஒரு துளிமருந்து வாங்கி வந்தார்கள், சிவப்பு சற்றே குறைந்தது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சிறுமி என்னிடம் வந்து, "சேர், அம்மாவுக்கு ஒரு கண்ணு தெரியலையாம் சேர்" என்றாள். சனிக்கிழமை அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. நான்கு நாளும் ஒரு மணி நேரமும். புண் ஆற ஐந்து வாரம் சென்றது. பூ நடுவிலேயே விழுந்துவிட்டது. பிறகொரு நாள் அவள் என்னிடம் சொன்ன சொல்லை மறக்க முடியவில்லை: "அன்னைக்கே எறங்கிப் போயிருந்தா அரப்பேருதான் சேர் போயிருக்கும்."

அந்த நான்கு நாட்களிலே கண்ணுக்குள் போனவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தாய்ப்பால் குழந்தையின் வாய்க்கு அமுதம். கீறிய கருவிழிக்கு அது மருந்தன்று. தேயிலைச் சாயம் இமையின் வெப்பத்தைத் தணிக்கும் என்பார்கள். ஆறவைத்த கோப்பையிலும் கழுவிய கையிலும் என்ன இருந்தது என்பதை யார் அறிவார்? கொழுந்து கீறிய கண்ணைக் கொழுந்தின் சாற்றாலேயே கழுவுகின்ற இந்த விசித்திரம் மலைநாட்டுக்கே உரியது. எல்லாவற்றிலும் கொடியது அந்தக் கடை மருந்து. கண் சிவப்பை ஒரே நாளில் மறைக்கும் துளிகள் பலவற்றிலே ஸ்டீரொய்ட் என்னும் சரக்குக் கலந்திருக்கிறது. அது கிருமியைக் கொல்லாது. கிருமியோடு போரிடும் உடம்பின் கையைக் கட்டிப்போடும். சிவப்பு மறைவது போர் ஓய்ந்ததனால் அன்று, காவற்படை அடக்கப்பட்டதனால். பூஞ்சணமாக இருந்தால் அதற்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. வைத்தியர் கருவிழியைச் சோதித்து எழுதித் தந்தாலன்றி அம்மருந்தை எவரும் வாங்கக் கூடாது.

இதனால் பழைய வைத்தியத்தை நான் இகழ்வதாக எண்ண வேண்டாம். கண்ணோய் தொண்ணூற்றாறு என்று வகுத்த மரபு சித்தர் மரபு; அகத்தியர் பெயரால் நயனவிதி என்று கண்ணுக்கென்றே ஒரு நூல் வழங்குகிறது. தொண்ணூற்றாறாகப் பிரித்துப் பார்த்தவர்களின் வழித்தோன்றல்கள் எல்லாவற்றையும் கண்வலி என்று ஒன்றாக்கிவிட்டதை எண்ணித்தான் வருந்துகிறேன்.

தோட்டங்களிலே வைத்திய வசதியே இல்லை என்று சொல்வதும் நியாயமாகாது. கோப்பிக் காலத்திலேயே, 1872ஆம் ஆண்டில், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு சட்டம் பிறந்தது. 1880லும் 1912லும் அது திருத்தி எழுதப்பட்டது. தோட்டத்து டிஸ்பென்சரிகளும் மலைநாட்டுச் சிற்றூர் ஆஸ்பத்திரிகளும் அவ்வழியே தோன்றியவை. எழுபதுகளிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. டிக்கோயாவிலே இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரியை 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்துவைத்ததை அட்டன் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. ஆனால் கண்ணிலே குச்சி பட்ட பெண் அப்போதே மலையிலிருந்து இறங்கினால் அவள் பேர் முழுதாக விழும் என்ற ஏற்பாடு இல்லாதவரை, ஆஸ்பத்திரி எவ்வளவு அருகிலிருந்தாலும் அவளுக்கு அது நான்கு நாள் தூரத்திலேதான் இருக்கிறது. காலிலே அட்டை கடித்ததற்கும் கண்ணிலே குச்சி பட்டதற்கும் வேறுபாடு காணக் கங்காணிமாருக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும்.

பெனிசிலினின் கதையிலே பலர் அறியாத ஒரு பக்கம் கண்ணைப் பற்றியது. பிளெமிங்கிடம் மாணவராயிருந்த செசில் ஜோர்ஜ் பெய்ன் என்னும் இளம் வைத்தியர், இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்திலே, பூஞ்சணச் சாற்றைத் தாமே வடித்தெடுத்து நோயாளிகளுக்கு இட்டுப் பார்த்தார். தோல் நோயிலே பலிக்கவில்லை. 1930 நவம்பரிலே, பிறக்கும்போதே தாயிடமிருந்து கிருமி தொற்றிய ஒரு சிசுவின் கண்ணிலே இட்டார், பலித்தது. அக்காலத்திலேயே நிலக்கரிச் சுரங்கத்தைச் சேர்ந்த ஒருவர் கண்ணிலே கல் பாய்ந்து நிமோகாக்கஸ் தொற்றோடு வந்தார். அவர் கண்ணும் தப்பிற்று. பெனிசிலினால் குணமானதாகப் பதிவேட்டிலே காணப்படும் முதல் நோயாளிகள் இவர்களே. பெய்ன் இதை அச்சிலே வெளியிடாமல் விட்டுவிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின்னரே அக்குறிப்புகள் வெளிச்சத்துக்கு வந்தன. சுரங்கத்துக் கல்லும் மலைநாட்டுக் குச்சியும் செய்கிற வேலை ஒன்றுதான். கிருமியும் ஒன்றுதான்.

பிறந்த சிசுவின் கண்ணைப் பற்றியும் ஒரு சொல். பிறந்து நான்கு வாரத்துக்குள் கண்ணிலே சீழ் வந்தால் அதைக் கண்வலி என்று வீட்டிலே வைத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தாயின் பிறப்பு வழியிலுள்ள கொனோரியாக் கிருமி ஒரு நாளிலேயே கருவிழியைத் துளைக்கக்கூடும். 1879இல் அக்கிருமியை நைசர் கண்டுபிடித்தார். அடுத்த சில ஆண்டுகளிலே லைப்சிக் நகரத்து வைத்தியர் கிரேடே, பிறந்த ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் வெள்ளியுப்புக் கரைசலில் ஒரு துளி விட்டு, பத்தில் ஒரு குழந்தைக்கு வந்துகொண்டிருந்த நோயை நூற்றில் ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார்.

என் போன்ற தமிழாசிரியனுக்கு மனத்தை உறுத்தும் வேறொரு விஷயமும் இதிலே உண்டு. அந்தத் தாயின் வீட்டு அலுமாரியிலே நான் கண்ட மருந்துக் குப்பியின் மேல் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. எத்தனை துளி, எத்தனை மணிக்கொருமுறை, எப்போது எறிய வேண்டும் என்பதெல்லாம் ஆங்கிலத்திலே பொடி எழுத்தாக இருந்தன. இத்தனைக்கும் தமிழிலே மருத்துவம் சொல்ல முடியாதென்று எவரும் வாதிட இடமில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களிலேயே மாணவர்களுக்குத் தமிழிலே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். 1867இல் இரண வைத்தியம் என்னும் பெரிய நூலைத் தமிழிலே அச்சிட்டார். அதற்கெனக் கலைச்சொற்களை ஆக்கினார். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. நூற்றைம்பது ஆண்டுக் கலைச்சொல் வளமும் அரசியலமைப்பின் உத்தரவாதமும் ஒரு குப்பியின் மேல் இரண்டு வரி ஒட்டுவதற்குப் போதவில்லை. மேல்வகுப்பு மாணவர்கள் தத்தம் லயங்களிலே குப்பிகளுக்குத் தமிழிலே சீட்டு எழுதி ஒட்டிக் கொடுப்பதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளலாம். என் வகுப்பிலே இரண்டு ஆண்டுகள் செய்தார்கள். பிழையில்லாத தமிழிலும் செய்தார்கள்.

பூ விழுந்தபின் செய்யக்கூடியது ஒன்றே: இறந்தவர் ஒருவரின் தெளிந்த கருவிழிப் படலத்தை எடுத்து ஒட்டுவது. அவ்வகையிலே இலங்கையின் பெயர் உலகெங்கும் தெரிந்தது. டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்குக் கருவிழிகளை அனுப்பிற்று. அதன் பின்னர் எத்தனையோ நாடுகளிலே எத்தனையோ பேர் இத்தீவிலே பிறந்து இறந்தவர்களின் கண்ணால் உலகைப் பார்க்கிறார்கள். அந்தத் தாய்க்கும் ஒட்டுச் சிகிச்சை செய்யலாம் என்று வைத்தியர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டிய பின் தையல்கள் ஓராண்டும் அதற்கு மேலும் கண்ணிலே இருக்கும். மாதக்கணக்கிலே துளிகள் இட வேண்டும். உடம்பு புதிய படலத்தைத் தள்ளிவிடாமல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் விடியற்காலை பஸ் ஏறி இரவு திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் செக்ரோலிலே அவளுக்கு ஒரு பேர் குறையும்.